லீவு எங்கள் ஊருக்கு, வகுப்பு தஞ்சாவூரில்

வந்து நின்ற பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிய ஒருத்தி, தன்னால் கல்லூரிக்கு வர முடியவில்லை என்று சொல்லலாமா? இல்லை, அவளாகத்தான் வராமல் இருந்துவிட்டாளா? பல மாதங்களாக இதை யோசிக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

போன வருடம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நடந்தது இது. திருமணமாகி, மகள் பிறந்து, அவளுக்கு இரண்டு வயது ஆன பிறகுதான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில், திருத்துறைப்பூண்டி பக்கம். மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகளை என் மாமியார் பார்த்துக்கொள்வார், அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான் என்றாலும், தினமும் காலையில் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஏதோ தப்புச் செய்கிறவள் மாதிரிதான் இருக்கும்.

எங்கள் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலுக்கு அருகே வர வர நிலம் தாழ்வு. மேலே தஞ்சாவூரில் ரோடு காய்ந்திருக்கும்போதே இங்கே சம்பா வயலும் தெருவும் ஒன்றாகிவிடும். விடியற்காலையில் எல்லார் போனிலும் ஒரே செய்தி வரும்: திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. தஞ்சாவூர் மாவட்டத்தில் பெரும்பாலும் பள்ளிகளுக்கு மட்டும்தான் விடுவார்கள். எங்கள் கல்லூரி தஞ்சாவூரில் இருக்கிறது. அதனால் அரசாங்கமே வெளியே வராதே என்று சொன்ன நாட்களிலும் எங்களுக்கு அங்கே வகுப்பு நடந்தது. வருகைப் பதிவில் எங்கள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழுந்தது.

மழை விட்டு வெயில் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லாதவர்கள் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார்கள். கீழ்ப்பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தோம். தேர்வு எழுதாவிட்டால் ஒரு வருடம் போகும். மகளை விட்டுவிட்டு வந்த ஒரு வருடம். திரும்பவும் முதலிலிருந்து வா என்றால் வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நானே வர மாட்டேன், அது எனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் போய்க் கேட்டோம். விதி விதிதான் என்றார்கள். மதியம் மரத்தடியில் கூடிப் பேசினோம். ஒரு பையன் வகுப்பைப் புறக்கணித்து ஸ்டிரைக் பண்ணலாம் என்றான். என்னோடு மன்னார்குடி பஸ்ஸில் வரும் பெண் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, “பண்ணு. அன்னைக்கும் ஆப்சென்ட் போடுவாங்க, மழை கூட பெய்ய வேணாம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், துறைத் தலைவரைப் பார்த்துப் பேசுவது, விடுமுறை விட்ட மாவட்டங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அந்த நாட்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று கேட்பது என்று முடிவானது. யார் பேசுவது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் நான்தான் வயதில் மூத்தவள். “அக்கா, நீங்க பேசுங்க. உங்களைத் திட்ட மாட்டாங்க” என்றார்கள்.

அன்றிரவு கணவர் போனில், முன்னால் போய் நிற்காதே, எதுக்கு வம்பு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மகளைத் தட்டிக்கொண்டிருந்த அத்தைதான், “வம்புன்னா போகாத. நியாயம்னா போ. ரெண்டும் இல்லாம நடுவுல நின்னு என் தூக்கத்தையும் கெடுக்காத” என்றார்.

எங்கள் துறைத் தலைவர் கண்டிப்பானவர். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார். நாங்கள் நான்கைந்து பேர் அவர் அறைக்குப் போனோம். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நான் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் கேட்டுவிட்டு, “காலேஜ் எந்த மாவட்டத்துல இருக்கு?” என்றார்.

“தஞ்சாவூர், மேடம்.”

“அப்ப லீவு உங்க ஊர் காலேஜுக்கு. இந்தக் காலேஜுக்கு இல்ல.”

அவ்வளவுதான், முடிந்தது என்று திரும்பியிருக்க வேண்டியவள் நான். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “காலேஜ் இங்க இருக்கு மேடம். மழை எங்க மேலதானே பெஞ்சுச்சு” என்று சொல்லிவிட்டேன். உடனே மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். நாளைக்கு வகுப்பில் வந்து பேசுகிறேன் என்றார்.

மறுநாள் வந்தார். விடுமுறை விட்ட மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்றார். நின்றோம். திரும்பிப் பார்த்தால் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் வீடு நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர் பக்கம். மாவட்டம் என்று பார்த்தால் அவர்களும்தான் எங்கள் கூட்டம். ஆனால் மழை நாளில் அவர்கள் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருந்தார்கள். அந்த இரண்டு பேரின் வருகையும் எழுபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். கேட்டது நான். நான் கேட்ட மாதிரிதான் அவர்கள் எழுந்திருக்கிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா, பேசாமல் இருக்க வேண்டுமா என்று எனக்குப் புரியவில்லை. மேடம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது சொல்வார்களா என்று அவர் காத்திருந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

அந்த இருவரில் ஒருத்தி உட்கார்ந்தாள். “நான் ஹாஸ்டல் மேடம். எங்க ஊர்லதான் தண்ணி. நான் இங்க போர்வைக்குள்ள இருந்தேன்” என்றாள். வகுப்பே சிரித்தது. மற்றவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். இனி அந்த செமஸ்டரில் ஒருநாள்கூட அவர்கள் விடுப்பு எடுக்க முடியாது. தெரிந்துதான் உட்கார்ந்தார்கள்.

அதோடு விடவில்லை அவள். “மேடம், எந்திரிக்க வேண்டியவ ஒருத்தி உட்கார்ந்திருக்கா” என்று கடைசி பெஞ்சைக் காட்டினாள். அந்தப் பெண்ணின் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்க்கோடியில், வெண்ணாற்றை ஒட்டி இருக்கிறது. ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குப் போகும் ரோடே இல்லாமல் போயிருக்கிறது. ஆனால் மாவட்டம் தஞ்சாவூர். அதனால் எங்கள் கோரிக்கையில் அவள் இல்லை. எங்களோடு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டவள்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களில் ஒருவருக்கும் அவளைக் கேட்கவும் தோன்றவில்லை.

இவ்வளவு பேர் சேர்ந்து யோசித்து நியாயம் என்று கேட்டது, நனையாதவரைச் சேர்த்து நனைந்தவரை விட்டுவிட்டிருக்கிறது. மேடம், “மாவட்டத்த விடுங்க. வரவே முடியாதவங்க மட்டும் நில்லுங்க” என்றார். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். மற்றவர்கள் நின்றபடியே நின்றார்கள்.

எனக்குத்தான் நிற்பதா, உட்காருவதா என்று தெரியவில்லை.

ஏனென்றால், அந்த நாட்களில் ஒருநாள் எனக்குப் பஸ் இருந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து மெயின் ரோட்டுக்குப் போய் நின்றேன். பஸ்ஸும் வந்தது. கண்டக்டர், “ஏறும்மா. மன்னார்குடி வரைக்கும் கொண்டு போய் விட்ருவோம். திரும்பி வர்றது ஆத்தோட இஷ்டம்” என்றார். என் மகளுக்கு அதற்கு முந்தின மாதம்தான் காய்ச்சலில் வலிப்பு வந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் சாயங்காலம் வர முடியாமல் போனால் என்ற எண்ணம் வந்ததும் படியில் வைத்த காலை எடுத்துவிட்டேன். பஸ் போய்விட்டது. என்னோடு வரும் அந்தப் பெண் அதே பஸ்ஸில் ஏறிப் போனாள்.

அவள் இப்போது வகுப்பில் என் பக்கத்தில் நின்றாள். பஸ்ஸே வராத மற்ற நாட்களுக்காக. நான் எதற்காக நிற்கிறேன்? எல்லாருக்காகவும் பேசியவள் நான். அந்த ஒரு நாளைச் சொல்லாமல் நின்றால், போர்வைக்குள் இருந்தேன் என்று சொல்லி உட்கார்ந்தவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்த நாள் போனால் நான் கோட்டுக்குக் கீழேதான். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

சொல்லிவிட்டேன். பஸ் வந்தது, நான் ஏறவில்லை, அந்த ஒரு நாளை எனக்குச் சேர்க்க வேண்டாம் என்றேன்.

மேடம் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவள் பேசினாள். “அந்தப் பஸ்ல ஏறினவ நான்தான் மேடம். சாயங்காலம் மன்னார்குடியோட பஸ் நின்னு போச்சு. சித்தி வீட்ல தங்கிட்டேன். அக்கா எங்க தங்குவாங்க? வீட்ல பாப்பா இருக்குல்ல. போறதுக்கு பஸ் இருந்தா போதுமா, திரும்பி வரவும் வேணும்ல.”

இத்தனை நாளாக நான் அவளிடம் அந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை. ஏறாமல் நின்றதற்காக என்னை என்ன நினைத்தாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் எனக்காக வாதாடுகிறாள்.

மேடம் எல்லாரையும் உட்காரச் சொன்னார். பிறகு அவருடைய கேள்வி வந்தது. நாள் கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம், நடந்த பாடம் எப்படிக் கிடைக்கும் என்றார். சனிக்கிழமை வருகிறோம் என்று முதலில் சொன்ன வாயும் என் வாய்தான். சொல்லிவிட்டு, சனிக்கிழமை மகளை என்ன செய்வது என்று பிறகுதான் யோசித்தேன்.

அவர் முதல்வரிடம் பேசினார். அடுத்த வாரம் முடிவு வந்தது: வர முடியாமல் போன அந்த நாட்கள் எங்கள் வருகைக் கணக்கில் சேராது. கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கும் உண்டு. எனக்கும், அந்த ஒரு நாள் உட்பட. செய்தி கேட்டதும் பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லாரும் கத்திய கத்தலில் டீக்கடைக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். கல்லூரியில் வேறு எந்த வகுப்பும் இருக்காது. நாங்கள் ஒருவர் விடாமல் போனோம். ஹாஸ்டல் பெண்கள் இருவரும், வரவேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள், நாங்கள் தவறவிட்ட பகுதியை முன்கூட்டியே படித்து வந்து கரும்பலகையில் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். போர்வைக்காரி என்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டோம். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். மேடம் பின் வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். நடுவில் கணக்குத் தப்பாகப் போனால் தலையைத் தூக்காமலே, “அந்த மைனஸ் எங்க போச்சு?” என்பார். ஒரு சனிக்கிழமை அத்தைக்கு வயலில் வேலை இருந்ததால் மகளைக் கூடவே அழைத்துப் போனேன். தயங்கிக்கொண்டேதான் போனேன். அவள் சாக்பீஸ் துண்டுகளை வைத்துக்கொண்டு தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

செமஸ்டர் தேர்வை வகுப்பில் எல்லாரும் எழுதினோம். எல்லாரும் தேறினோம். மழையில் தவறிப்போய்ச் சனிக்கிழமைகளில் படித்த பாடத்தில் நான் எடுத்த மதிப்பெண்தான் இதுவரை நான் எடுத்ததிலேயே அதிகம். அத்தை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களே திரும்ப என்னிடம் வந்து சொல்லும்படி ஆகிவிட்டது.

உரிமை என்றால் சத்தம் போட்டுக் கேட்பது, கடமை என்றால் சத்தம் போடாமல் செய்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். நாங்கள் கேட்டது கிடைத்தது, ஆளாளுக்குத் தன் பக்கத்து உண்மையைத் தானே சொன்னதால்தான் என்று இப்போது படுகிறது. கேட்டபோது எங்களுக்கு எவ்வளவு பலம் இருந்ததோ, அதைவிடப் பெரிய பலம் போர்வைக்காரி உட்கார்ந்தபோது வந்தது.

இப்போது இரண்டாம் ஆண்டு. துறைக் கூட்டத்தில் மாணவர் பிரதிநிதியாக என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன்பே இதற்கு ஒரு நிரந்தர விதி எழுத வேண்டும் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். மாணவர் தன் வாயால் சொன்னால் போதும் என்று எழுதலாம் என்கிறேன் நான். எல்லா வகுப்பும் உங்கள் வகுப்பு மாதிரி இருக்குமா, ஆதாரம் கேட்க வேண்டாமா என்கிறார் மேடம். அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதாரம் கேட்டால், தண்ணீர் சூழ்ந்த ஊரில் இருப்பவள் யாரிடம் போய் வாங்கி வருவாள்? ஆசிரியர்களாக இருப்பவர்கள், பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள், பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பிப் படிக்கவைப்பவர்கள், இந்த விதியை நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீர்கள் என்று எனக்குச் சொல்லுங்களேன்.