தம்பி மாட்டிய டை ராட்

லிங்கிக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் செம்பனைத் தோட்டத்தில் வண்டி ஓட்டும் பெண் என்றால் திலகா ஒருத்திதான். களையெடுக்கும் பெண்களையும் உர மூட்டைகளையும் காலையில் மலைப் பிளாக்குக்கு ஏற்றிப்போவாள். மதியத்துக்குமேல் பெண்களைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவாள். வண்டி, அவளுடைய அப்பா ஓட்டிய பழைய ஃபோர்வீல் ஜீப். அவர் இறந்ததும் அதை விற்றுவிடலாம் என்று அம்மா செல்லம்மா சொன்னாள், தம்பி திருநாவுக்கரசும் சொன்னான். திலகா கேட்கவில்லை. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு தோட்ட மேனேஜரைப் போய்ப் பார்த்தாள்.

"அப்பா செஞ்ச வேலைய நான் செய்றேன் சார்."

கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார் அவர். அந்தக் கொஞ்ச நாள் பல வருடங்களாக நீண்டுவிட்டது.

அரசு என்று எல்லோரும் கூப்பிடும் தம்பி, ரெம்பாவில் பட்டறை வைத்திருந்தான். கெட்டிக்காரன். வண்டி உறுமுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். அக்கா வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதிலிருந்து எல்லாம் அவன் பொறுப்பு. வேறு யாரையும் அந்த வண்டியில் கைவைக்க அவள் விட்டதில்லை.

மலைப் பிளாக் பாதையில் ஒரே தொல்லை, நடுவில் தலைநீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறை. பெண்கள் அதை யானைக்கல் என்பார்கள். முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்புகிற நீளக் கம்பிக்கு டை ராட் என்று பெயர். இந்த வண்டியில் அது ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கீழே தாழ்வாகத் தொங்கியது. பாறையில் இடித்தால் வளைந்துவிடும். வளைந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் திலகா ஒவ்வொரு முறையும் பாறையைச் சுற்றி, பாரிட் என்கிற ஆழமான வாய்க்காலின் ஓரமாகவே ஊர்ந்து போவாள். மழை நாளில் பெண்கள் பயந்துகொண்டு இறங்கி நடப்பார்கள்.

வழி சொன்னது அரசுதான்.

"கீழ தொங்குறதாலதான்கா இடிக்குது. அத மேல தூக்கிட்டா? ரெண்டு சக்கரத்துப் பக்கமும் மேல புது ஆர்ம் வச்சு போல்ட் பண்ணி, ஸ்பிரிங்குக்கு மேல நல்ல தடி பைப்புல டை ராட் போட்டுரலாம். கல்லுக்கு எட்டவே எட்டாது லா."

பார்ட்ஸை எல்லாம் திலகா வாங்கிக் கொடுத்தாள். பைப்பைத் தானே அளந்து வெட்டி, இரு முனையிலும் மரை போட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்தான் அரசு. இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். அவள் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பைப்பைத் தாங்கிப் பிடிக்க, அவன் போல்ட்டுகளை முறுக்கினான். முடிந்ததும் இருவர் முகத்திலும் கிரீஸ். அவனுடைய மனைவி போட்டோ எடுத்தாள்.

மறுநாள் திலகா யானைக்கல்லுக்கு நேராக வண்டியை விட்டாள். பின்னால் பெண்கள் கூச்சல் போட்டார்கள். வண்டி ஏறி, லேசாகச் சாய்ந்து, எதிலும் இடிக்காமல் இறங்கியது. அன்றிலிருந்து யாரும் இறங்கி நடக்கவில்லை. "எந்தம்பி செஞ்சது" என்று கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் அரசுவுக்கு அரவிந்தோடு பழக்கம் ஏற்பட்டது. சிரம்பானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நாகநாதனின் மகன். தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் நடக்கும் ஃபோர்வீல் போட்டிகளில் கலந்துகொள்கிறவன். அவனிடம் இருந்ததும் அதே மாடல் வண்டிதான். மெக்கானிக்காக அரசுவைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். குழுவின் பெயர் பொறித்த சட்டையை அரசு வீட்டில்கூடப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் பண்ண வேண்டும் என்று அக்காவின் வண்டியை எடுத்துப் போனான். மாலையில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினான். மறுநாள் விடியலில் பெண்களை ஏற்றப் போனபோது ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருப்பதுபோல் திலகாவுக்குப் பட்டது. போன் செய்து கேட்டாள்.

"கிரீஸ் புதுசுக்கா. ரெண்டு நாள்ல செட்டாயிடும்," என்றான்.

தம்பி சொன்ன பிறகு அவள் ஏன் குனிந்து பார்க்கப்போகிறாள்?

அன்று காலை மழை தூறிக்கொண்டிருந்தது. களையெடுக்கும் பெண்களில் ஒருத்தியான மயிலம்மாள் முன் இருக்கையில் உட்கார்ந்து தன் மகளின் நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். யானைக்கல் வந்தது. வழக்கம்போல் திலகா முதல் கியரில் நேராக ஏற்றினாள். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கையில் பம்பரம்போலச் சும்மா சுற்றியது. ஒரு சக்கரம் ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் பார்க்க, வண்டி வழுக்கிக்கொண்டே போய்ப் பாரிட்டில் தலைகுப்புற இறங்கியது. பின்னால் இருந்த பெண்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. மயிலம்மாளின் வலது கை முறிந்துவிட்டது.

மயிலம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திலகா திரும்பி வருவதற்குள், டிராக்டர் வண்டியை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. மேனேஜரும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் நின்றிருந்தார்கள். நடுவில் அரசு. அவள் வருவதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தான்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல சார். நான்தானே பாத்தேன். அக்கா கொஞ்சம் வேகமா ஓட்டுவாங்க. மழைல அந்தக் கல்லு மேல ஏத்துனா எப்படி?"

திலகாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. ஒருவேளை வேகமாகத்தான் வந்தோமோ என்று தன்னைத்தானே சந்தேகித்தாள். பிறகு வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஸ்பிரிங்குக்கு மேலே கறுப்புப் பைப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. புது ஆர்ம்களும் இல்லை. கீழே, துருப்பிடித்த பழைய கம்பி ஒரு முனை பிடுங்கிக்கொண்டு சேற்றில் கிடந்தது.

நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் டிராக்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேனேஜர் அவளிடம் கேட்டார், "நீங்க என்ன சொல்றீங்க திலகா?"

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் தம்பியை நிறுத்தி வைக்க அவளுக்கு வாய் வரவில்லை. "ஒண்ணும் இல்ல சார்," என்றாள். இனி வர வேண்டாம் என்று அன்று மாலையே சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் அரசு ஒத்துக்கொண்டான். அரவிந்துக்கு வரவேண்டிய பார்ட்ஸ் வந்து சேரவில்லையாம். போட்டி நெருங்கிவிட்டதால் அக்கா வண்டியிலிருந்து கழற்றி அவனுக்கு மாட்டினானாம்.

"ஒரு வாரம்தான்கா. முடிஞ்சதும் திருப்பி மாட்டியிருப்பேன். நீ அந்தக் கல்ல சுத்திப் போயிருக்கலாம்ல?"

"சுத்திப் போகணும்னு எனக்கு யார்டா சொன்னது?"

அவன் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான்.

"கழட்டுனதுகூடப் பரவால்லடா. ஆட்டம் இருக்குன்னு போன் பண்ணிக் கேட்டேன். அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா? என்னைய உட்டுத் தள்ளு. வண்டி நிறைய பொம்பளைங்கள ஏத்திட்டுப் போறேன்னு உனக்குத் தெரியாதா? எல்லாம் செஞ்சிட்டு, அங்க நின்னு நான் வேகமா ஓட்டுவேங்கிற!"

அம்மா குறுக்கே வந்தாள். "கத்தாத. அவன் பட்டறைக்குக் கெட்ட பேரு வந்தா அப்புறம் யாரு வண்டி குடுப்பா? உனக்கு வேலை போனா வேற கிடைக்கும்."

தம்பி செய்ததைவிட அது ஆழமாக இறங்கியது. அன்று அவள் சாப்பிடவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை.

மறுநாள் மயிலம்மாளைப் பார்க்கப் போனாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மயிலம்மாள் கேட்டுவிட்டுக் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"உந்தம்பிய நீ காப்பாத்திக்க. என் கைக்கு யாரு பதில் சொல்றது? நீ சொல்றியா, நான் ஆபீசுக்குப் போய்ச் சொல்லவா?"

"நானும் வரேன்கா," என்றாள் திலகா.

இருவரும் சேர்ந்தே போனார்கள். மேனேஜர் முழுவதும் கேட்டார். "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றார்.

"தம்பி சார்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வண்டியை வேறு பட்டறையில் சரிசெய்து கொண்டுவந்து காட்டிவிட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னார்.

போட்டிக்கு முந்தைய நாள் திலகா பஸ் பிடித்து ரெம்பாவுக்குப் போனாள். பட்டறையில் அரவிந்தின் வண்டி நின்றிருந்தது, பக்கத்தில் அரவிந்தும் அரசுவும் இருந்தார்கள். அதன் ஸ்பிரிங்குக்கு மேலே கறுப்புப் பைப். அவள் கையால் தாங்கிப் பிடித்த பைப்.

"அரவிந்த் தம்பி, இது என் வண்டிக்குச் செஞ்சது. உங்களுக்குக் குடுக்கச் சொல்லி அரசுகிட்ட நான் சொல்லல," என்று அரவிந்திடம் சொன்னாள்.

அரவிந்துக்கு முகம் செத்துவிட்டது. "உங்க அக்கா தந்தாங்கன்னுதானே சொன்னீங்க, அரசு?" என்று கேட்டான். அரசு ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கியதைப் பார்த்து, "கழட்டிக் குடுங்க. நாளைக்கு நான் போகல," என்றான்.

அரசு கழற்றினான். குழுச் சட்டையோடுதான் வண்டிக்கடியில் படுத்தான். திலகா நின்றுகொண்டே இருந்தாள். கடைசி போல்ட் வந்ததும், "நானே வந்து மாட்டித் தரேன்கா," என்று மெல்லச் சொன்னான்.

"வேணாம்."

லிங்கியில் பட்டறை வைத்திருந்த சித்திக் மாட்டிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் அவளே வண்டிக்கடியில் போய் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிப் பார்த்தாள். சித்திக் கோபித்துக்கொள்ளவில்லை. கை ஆறும்வரை மயிலம்மாள் வீட்டுக்குப் பசாரிலிருந்து சாமான் வாங்கிப் போட்டது திலகாதான். அரவிந்த் வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டான். அரசு அந்தச் சட்டையை மறுபடி போடவில்லை.

அக்காவும் தம்பியும் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு அவன் குடும்பத்தோடு வந்தான். திலகா ஆட்டுக்கறி சமைத்து அவளே பரிமாறினாள். பாதிச் சாப்பாட்டில் வெளியே ஹார்ன் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுக்க வேண்டும், ஃபோர்வீல் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

அரசு எழுந்து கை கழுவினான். "சாவி குடுக்கா, நான் தள்ளி வைக்கிறேன்."

"நீ உக்காந்து சாப்பிடு," என்று சொல்லிவிட்டுத் திலகாவே போனாள்.

வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, இறங்கி, முன்பக்கம் ஒருமுறை குனிந்து பார்த்தாள். இப்போதெல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்க்கிறாள். உள்ளே வந்ததும் கரண்டியை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் கறி போடவா?"

அரசு தலையை ஆட்டினான். அவள் போட்டாள்.