அப்பாவின் மிச்ச மாத்திரைகளை எங்கே கொட்டுவது?

இன்று சாயங்காலம் மருந்துக் கடை கவுண்டரில்...

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

(கடைசி பெஞ்சுக்காரிகளே, இந்தத் தாளும் வழக்கம்போல டெஸ்க்குக்கு அடியிலேயே சுற்றட்டும். வீடு அடங்கிய பிறகு விளக்கைச் சின்னதாக்கி எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி இருந்தால் திட்டாதீர்கள்.)

அப்பா போனது உங்களுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் வலி தாங்காமல் அவருக்குத் தூக்கமே இல்லை. டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு அட்டைப் பெட்டி நிறைய மிஞ்சிவிட்டது.

அப்பாவின் குடை சித்தப்பாவுக்குப் போனது. மூக்குக் கண்ணாடி எதிர் வீட்டு மாமாவுக்கு. (பவர் ஒத்துப்போகிறதாம்!)

மாத்திரை அம்மாவுக்கு வந்தது.

கொடுத்தது என் அத்தை, அப்பாவின் தங்கை. காரியத்துக்கு வந்தவள் இன்னும் ஊர் திரும்பவில்லை. துக்கம் கேட்க யார் வந்தாலும் அம்மா கதறிவிடுவாள். அத்தையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“மன்னி, இதைப் போட்டுண்டு செத்தப் படுங்கோ. அண்ணா சாப்பிட்ட மருந்துதானே, ஒண்ணும் பண்ணாது.”

முதலில் ராத்திரி மட்டும். அப்புறம் மத்தியானமும்.

அழுகை நின்றுவிட்டது!

வந்த மாமிகள் எல்லோரும் மெச்சினார்கள். “எவ்வளவு தைரியமா இருக்கா பாருங்கோ!”

(தைரியமா? அவர்கள் வந்து போனதே அம்மாவுக்குத் தெரியாது.)

நேற்று நான் வீடு திரும்பியபோது ஸ்டவ்வில் பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்திலேயே தரையில் கிடந்தாள். முந்தானை நுனி ஸ்டவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஸ்டவ்வை அணைத்து அம்மாவை இழுத்தேன். உலுக்கினேன். கண் திறக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் அத்தை ஓடி வந்தாள்.

“ஏண்டி இப்படி அலர்றே? கண் அசந்துட்டா. தூங்கட்டும், பாவம்!”

வெகுநேரம் கழித்து அம்மா விழித்தாள். “வந்துட்டியா?” என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்:

“அப்பா மாத்திரைல இன்னொண்ணு எடுத்துண்டு வாடி. அத்தைக்குத் தெரிய வேண்டாம்.”



இன்று காலை அந்தப் பெட்டியைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒளித்து வைத்தால் அம்மா தேடி எடுத்துவிடுவாள். தூக்கித்தான் எறிய வேண்டும்.

ஆனால் எங்கே?

தெரு முனைக் குப்பைத்தொட்டியைக் காகிதம் பொறுக்கும் பிள்ளைகள் கிளறுவார்கள். பளபளவென்று இருப்பதைப் பார்த்தால் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்வார்கள். கிணற்றில் போட்டால் எங்கள் வளவில் இருக்கும் எல்லா வீட்டாரும் குடிப்பார்கள். மயிலாப்பூரில் மாத்திரை எறிய ஒரு இடம் கிடையாது!

கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டு ஏதாவது செய்வார் என்று நினைத்து, பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்கு வாங்கின மருந்துக் கடைக்கே போனேன். அங்கே பெல்பாட்டம் போட்ட ஒரு காலேஜ் பையன் கவுண்டரில் சாய்ந்து நின்றான்.

“இன்னா பாப்பா, இன்னா வோணும்?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணும் வேண்டாம். இது மிச்சம். எங்க அப்பா... இதை எங்கே போடணும்?”

“போட்றதா! துட்டு குட்த்து வாங்கின மருந்த யாராவது போடுவாங்களா? அட்டை பிரிக்காம கீதா? இங்க குட்த்துட்டுப் போ. ஒரு பவுடர் டப்பா தர்றேன், நல்லா வாசனையா இருக்கும்.”

“நீங்க இதை என்ன பண்ணுவீங்க?”

“இன்னா கேள்வி இது? வேற யாருக்காவது ஆவும்ல?”

அந்தப் பையன் பெட்டியின் மேலிருந்த பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தான். அவன் கண் அம்மாவின் கண் மாதிரியே பாதி மூடியிருந்தது.

“அண்ணாத்தே, இதத்தானே தீந்துபோச்சுன்னு சொன்ன? என்கிட்ட குடு பாப்பா, நான் போட்டுடறேன்.”

(வாயிலா என்று கேட்க நினைத்தேன். )

அவன் கை பெட்டியைத் தொட்டது. பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மாட வீதி திரும்பும்வரை நிற்கவில்லை!

அப்புறம் கொல்லைப்புறம். ஒவ்வொன்றாகப் பிரித்து, செங்கல்லால் பொடித்தேன். காலையில் ஃபில்டரிலிருந்து கொட்டிய காப்பிச் சக்கையையும் அடுப்புச் சாம்பலையும் சேர்த்தேன். அப்படியும் ஆடு மாடு நக்கிவிடுமே என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பழைய டப்பாவில் அடைத்து, கிணற்றுக்கு எட்டாத வேலி ஓரத்தில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன்.

“என்னடி பண்றே அங்க?” என்றாள் அத்தை.

“சயன்ஸ் டீச்சர் சொன்னா” என்றேன். (பாவம் டீச்சர்!)

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ராத்திரி அம்மா அலமாரியைத் திறந்தாள். துணி எல்லாவற்றையும் இழுத்துக் கீழே போட்டாள். அரிசி டின்னுக்குள் கூடக் கையை விட்டுத் தேடினாள். அத்தைதான் பிடித்து உட்கார வைத்தாள்.

“விடுங்கோ மன்னி. நாளைக்குச் சாயங்காலம் அதே கடைல நான் வாங்கிண்டு வந்துடறேன்.”

“டாக்டர் சீட்டு இல்லாம எப்படித் தருவா?” என்று கேட்டேன்.

“நம்ம மொகத்தைப் பார்த்தாலே தருவாண்டி. அண்ணாவுக்கு எத்தனை தடவை வாங்கியிருக்கோம்!”

எவ்வளவு புதைத்தால் என்ன? இன்று தீர்ந்திருந்தாலும் நாளை புதுச் சரக்கு வந்துவிடும்; கடை அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தூங்கவில்லை. கை நடுங்குகிறது, நெற்றி முழுக்க வேர்வை. என்னையே பார்க்கிறாள். தினமும் போட்டதை ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. திருப்பிக் கொடுக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

கற்பகம், உங்கப்பா டாக்டர்தானே?

நாளை மத்தியானம் நீ சாப்பிட வீட்டுக்குப் போகும்போது, அத்தை கடைக்குக் கிளம்புவதற்குள், அவரைக் கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவாயா?