திருநீறு போட்டுத் துலக்கிய காசு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு. தாயில்லாமல் போன கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறில் ஒன்றுகூட அழுக்குச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனதில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மெதுவாகத்தான் எழுதுவேன்.

ஆய்க்குடி வயலில் என் வீட்டுக்காரர் கிணறு வெட்டினார். பொதுவில் இருந்த நிலம், கொழுந்தனாருக்கும் பங்குண்டு. தண்ணீர் வரவில்லை. பாறை தட்டிய அன்று சாயங்காலம் கரியாய்க் கறுத்த சின்ன வட்டம் ஒன்றை என் கையில் வைத்தார். கிணற்று மண்ணில் கிடந்ததாம். தேய்த்தேன், வெள்ளி. ஒரு ராஜா தலை, சுற்றிலும் எழுத்து, நம் எழுத்தில்லை. ரோமாபுரிக் காசு மாதிரி இருக்கிறது என்றார் ஊர் வாத்தியார்.

கொழுந்தனார் நம்பவில்லை. குற்றாலத்தில் சீசனுக்குக் கடை போடுகிறவர்களிடம் வாங்கிவந்து, தண்ணீர் வராத வெட்கத்தை மறைக்க அண்ணன் கதை கட்டுகிறான் என்றார். அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் என் வீட்டுக்காரருக்குப் பெயர் 'குற்றாலத்து ராசா'. நான் சோறு போட்டு வளர்த்த அந்த இரண்டும் சேர்ந்து சிரித்தன. அவர் காதில் விழாத மாதிரி நடந்து போய்விடுவார். போய்ச் சேரும் முன்பு என்னிடம் மட்டும், "நீயாவது நம்புதியா?" என்று கேட்டார். நம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சொன்னது மனசுக்கும் தெரிய வேண்டாமா?

இந்தச் சாரல் சமயத்தில், தென்காசியில் பழங்காசு பார்த்துச் சொல்லும் ஒரு சாரிடம் பேத்தியோடு போனேன். காசைச் சின்னத் தராசில் நிறுத்தார். லென்ஸ் வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். போலியாக வார்த்த காசென்றால் விளிம்பில் இணைப்புக் கோடும் ஊசித் துளைகளும் தெரியுமாம். இதில் இல்லை, அச்சில் வைத்து அடித்ததுதான் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதன்பிறகு காசின் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆச்சி, இதை எதை வச்சுத் துலக்குதீங்க?"

"திருநீறு வச்சுத்தான். வெள்ளிக்கெழம தவறாம துலக்கிப் பூசைக்கு வைப்பேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதான் மூஞ்சியும் இல்ல, எழுத்தும் இல்ல. அதுகூடப் போகட்டும். மண்ணுக்குள்ள கெடந்த வெள்ளியில ஒரு கருப்பு ஏறியிருக்கும். இடுக்குல துளி இருந்தாக்கூட மண்ணுல கெடந்ததுன்னு சொல்லிருவேன். இப்பவும் அச்சு செஞ்சு அடிச்சு விக்குதாங்க ஆச்சி. நெசம்னும் சொல்ல முடியல, பொய்னும் சொல்ல முடியல."

மிஷினில் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று பேத்தி கேட்டாள். வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று தெரியும், நீங்கள் சொல்லும் கிணற்றில்தான் கிடந்ததா என்று எந்த மிஷினும் சொல்லாது என்றார். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு வாசலில் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். எங்கே போனோம் என்று அவருக்குத் தெரியும்.

"என்ன மதினி, ராசா என்ன சொல்லுதாரு?"

காசை முந்தானையில் முடிந்துகொண்டு அவரைத் தாண்டி நடந்தேன். என் வீட்டுக்காரர் அத்தனை வருஷமும் எப்படி நடந்து போயிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த வெள்ளிக்கிழமை காசைத் துலக்கவில்லை. இனித் துலக்கினால் என்ன, துலக்காவிட்டால் என்ன. அவர் கிணற்று மண்ணிலிருந்துதான் எடுத்தார் என்று என் கையால் எழுதி வைக்கிறேன். அந்த 'தான்' என்பதை ஒரு தடவை அடித்துவிட்டு மறுபடியும் எழுதினேன்.

ஏட்டி பேத்தி, இங்கன வா. நான் எழுதினதை ஒருக்க வாசி. கேக்குத எனக்கே நம்புத மாதிரி இருக்கான்னு பாப்போம்.