மைக் ஆதிமூலம் வாயை மூடிய வரலாறு

"சிஎச்மாட் ஏழு அஞ்சு அஞ்சூ... பக்தகோடிகள் அனைவரும் வருக, வருக" என்று முனகியபடி ஆதிமூலம் சிங்கவரம் சாலையில் ஆட்டோவைத் திருப்புகிறார். மைக் அணைந்திருக்கிறது. கூரைமேல் உள்ள இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் சும்மா இருக்கின்றன. ஆனாலும் கொல்லையில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து, இந்த மாதத்தில் என்ன திருவிழா என்று யோசிக்கிறார்கள். அணைத்த மைக்கிலேயே அடுத்த தெருவுக்குக் கேட்கிற தொண்டை அது.

செஞ்சி வட்டாரத்தில் எவர் கடை திறந்தாலும், எவர் கண்ணை மூடினாலும் ஊருக்கு முறைப்படி அறிவிக்கும் பொறுப்பை வகித்தவர் ஆதிமூலம். துணிக்கடைத் தள்ளுபடிக்கு ஒரு குரல், கோயில் விசேஷத்துக்கு ஒரு குரல், சாவுக்கு ஒரு குரல். மூன்றும் ஒரே தொண்டையில் ஒன்றோடொன்று சண்டையில்லாமல் குடியிருந்தன. மைக்கை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார். கடைத் திறப்புக்கு வந்த கட்சிப் பிரமுகர் "ரெண்டு வார்த்த பேசிட்டுத் தரேன்பா" என்று கை நீட்டியபோதுகூட, "எச்சி பட்டா கரகரங்குதுங்க" என்று பணிவோடு மறுத்தவர். மனைவி வசந்தா அதைத் துடைக்கக்கூட அனுமதி பெற்றதில்லை.

பிறகு பென்டிரைவ் வந்தது. கடைக்காரர்கள் அவர் குரலை ஒரு தடவை பிடித்துக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் போட்டுச் சுற்றவிட்டார்கள். குரலுக்கு நாள் முழுக்க வேலை, குரலுக்கு உரியவருக்கு வேலை இல்லை என்ற அதிசய நிலை செஞ்சியில் உருவானது. குரலைப் பதிவு செய்வதற்கென்று அவர் வாங்கியிருந்த கிழட்டு லேப்டாப்பில் லினக்ஸ் ஒன்றுதான் ஓடியது. கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள் அது. தனியொருவர் சொத்து இல்லை, எவரும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம். ஆதிமூலம் பிரித்துப் பார்த்தார். அதன்பின் அவரால் மூட முடியவில்லை.

நாற்பது தாண்டிய வயதில் அவர் லினக்ஸ் நிர்வாகத்துக்கான முதல்படிச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தது இப்படித்தான். இரவும் பகலும் கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்கிற புதுச்சேரிக் கம்பெனி ஒன்று, "பாஸ் பண்ணிட்டு வாங்க, வேல உண்டு. ஆனா மாசக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்போம்" என்று சொல்லியிருந்தது.

அவர் படித்த முறையை உலகப் பல்கலைக்கழகங்கள் இன்னும் எட்டவில்லை. கட்டளைகளையெல்லாம் தம் மூன்று குரல்களுக்குப் பிரித்துக்கொடுத்துவிட்டார். புதிய மென்பொருளை ஏற்றுவது தள்ளுபடிக் குரலில். யார் எதைத் தொடலாம் என்று அனுமதி வகுக்கிற சிஎச்மாட் கோயில் குரலில்: "ஏழு அஞ்சு அஞ்சுன்னா, பூசாரிக்கு எல்லா பர்மிஷனும் இருக்குது. ஊர்க்காரன் உள்ள வரலாம், கும்பிடலாம். சாமி மேல கைய வெக்கக் கூடாது." அழிப்பது, நிறுத்துவது எல்லாம் சாவுக் குரலில். ஒருநாள் அவர் "நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று ஒரு கட்டளையை இழுத்து முடித்தபோது, எதிர்வீட்டுப் பூவாயி மாலையோடு வந்து நின்றாள்.

"யாரு வசந்தா? எந்தப் பக்கத்து ஆளு?"

"ஒருத்தரும் இல்ல பெரிம்மா. கம்ப்யூட்டர்ல ஏதோ ஒண்ணு சிக்கிக்கிச்சாம். அத்த சாவடிக்கறாரு."

"அதுக்கு இன்னா வயசு?" என்று கேட்டுவிட்டு, மாலையை வீணாக்க மனமில்லாமல் லேப்டாப்புக்கே சாத்திவிட்டுப் போனாள் பூவாயி.

இவ்வளவு படித்தும் முதல்முறை எழுத உட்கார்ந்தபோது பாதியில் வெளியேற்றப்பட்டார். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆளோ குரலோ கூடாது. எழுதுகிறவர் உதடும் அசையக்கூடாது. ஆதிமூலத்துக்கோ உதடு அசையாமல் ஒரு கட்டளையும் நினைவுக்கு வராது. இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. மூன்றாவது தடவை ஒரு சாவுக் கட்டளைக்காக வாய் திறந்தார். தேர்வே மாண்டது.

இனி மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு வாய்ப்புத்தான். வசந்தா பொறுப்பேற்றாள். செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்ட பெரும்படைகள் அடிவாரத்தில் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தனவாம். வசந்தாவுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஒரு முறம் மல்லாட்டையோடு கணவர் எதிரே உட்கார்ந்து உடைத்தாள். உதடு அசைந்தால் கடலைத் தோல் பறக்கும். மூக்கில் பட்டது, கண்ணாடியில் பட்டது, உதடு அடங்கவில்லை.

"உன் வாய் அடங்கறதுக்கு வழியே இல்லியா?"

"அதுலதானே இத்தினி நாளா சாப்ட்டோம்" என்றார் ஆதிமூலம். அதற்கும் ஒரு தோல் விழுந்தது.

கடைசியில் வசந்தாவே ஒரு சொம்பை நீட்டினாள். "தண்ணிய வாயில ஊத்திக்கோ. முழுங்காத. எப்பிடிப் பேசறேன்னு பாக்கறேன்."

லேபிள் ஒட்டாத கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம் என்று தேர்வு விதி சொல்கிறது. அதை வாயிலேயே வைத்திருக்கக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. கன்னம் இரண்டும் உப்ப, ஆதிமூலம் பயின்றார். உதட்டில் வழியில்லாத மூன்று குரல்களும் மெல்ல மெல்லப் புருவத்துக்கு ஏறின. தள்ளுபடிக்கு ஒற்றைப் புருவம், திருவிழாவுக்கு இரண்டும், சாவுக்கு இரண்டும் கீழே.

தேர்வு நாள் காலை. சுவரில் எழுத்தே கூடாது என்பதால் தினசரி காலண்டரும் சாமி படங்களும் கூடத்துக்கு இடம்பெயர்ந்தன. கதவு சாத்தப்பட்டது. வசந்தா வாசலில் நின்றாள். பாதி நேரம்கூடப் போயிருக்காது. தெருமுனையில் இடி மாதிரி ஒரு குரல் கிளம்பியது. "வாங்கம்மா வாங்க!" ஆதிமூலத்தின் குரல்தான். துணிக்கடைப் பென்டிரைவைப் போட்டுக்கொண்டு வாடகை ஆட்டோக்காரன் சேரன் வந்துகொண்டிருந்தான்.

வசந்தா ஓடிப்போய் ஆட்டோவின் குறுக்கே நின்றாள். "நிறுத்துடா அத்த."

"இன்னாக்கா, உங்க வூட்டுக்காரர் கொரல்தானே?"

"அதான் நிறுத்துன்றேன். உள்ள பரீட்ச எழுதறாரு. வாயத் தொறக்காத ஆளோட கொரல் தெருவுல கேட்டா கேமராக்காரன் இன்னா நெனப்பான்?"

சேரன் ஸ்விட்சை அணைத்தான். ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே தெருவைக் கடந்தான். ஆதிமூலத்தின் குரலை ஆதிமூலத்துக்காக ஊர் நிறுத்தியது அதுவே முதல் தடவை.

வெயில் ஏறியபின் கதவு திறந்தது. ஆதிமூலம் படியிறங்கி வந்தார். கன்னங்கள் இன்னும் உப்பித்தான் இருந்தன. "இன்னா ஆச்சு?" என்றாள் வசந்தா. "முழுங்கிட்டுச் சொல்லேன்" என்றாள். அவர் விழுங்கவில்லை. அவருடைய புருவங்கள் இரண்டும் மெதுவாக, திருவிழாவுக்கு ஏறுவதுபோல், நெற்றியின் உச்சிக்கு ஏறின.

எதிர்வீட்டிலிருந்து பூவாயி எட்டிப் பார்த்தாள். ஆதிமூலம் வாசலில் நின்ற தம் ஆட்டோவுக்குள் கையை விட்டு மைக்கை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார். ஸ்விட்சைப் போட்டு, வசந்தாவின் வாய்க்கு நேரே நீட்டினார்.