அதிகாரி வருவதற்குள் காலியான ஸ்டோர்

கிள்ளானில், கட்டடம் புதுப்பிக்கும் எங்கள் குத்தகை நிறுவனத்துக்குச் சாமான் வைக்க ஒரு ஸ்டோர், ஒரு லோரி, மூன்று தச்சர்கள். கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவரிசையைப் புதுப்பிக்கும் வேலைக்கு விலைப்புள்ளி கொடுத்திருந்தோம். அது கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் தச்சர்களுக்கு வேலை இல்லை.

ஒரு திங்கட்கிழமை பிற்பகல் கட்டட உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. சுழற்சிப் பொருளாதாரத்தைக் கடைப்பிடிக்கும் நிறுவனத்துக்குத்தான் வேலையாம். பழைய பொருளை வீசாமல் மறுபடி பயன்படுத்துகிறோமா என்று பார்க்க வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் அதிகாரி வருவார்.

இருபது வருடமாக வேறென்ன செய்தோம்? பங்சாரில் இடித்த வீட்டின் கதவு காஜாங் வீட்டுக்குப் போகும். வளைந்த ஆணியை நிமிர்த்தி மறுபடி அடிப்போம். இதற்கு இத்தனை கௌரவமான பெயர் உண்டென்று தெரியாமல் கஞ்சத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளரிடம் மட்டும் எல்லாம் புதுசு என்போம்.

ஆனால் அதிகாரி வருகிறார் என்றால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே முதலாளி ஸ்டோரைச் சுத்தம் செய்யச் சொன்னார். கதவு, ஜன்னல், பலகை எல்லாம் காப்பாரில் உள்ள பழைய சாமான் கடைக்கு லோரியில் ஏறின.

"போஸ், அவங்க இதைத்தான் பார்க்க வராங்க" என்றேன்.

"இதெல்லாம் கிடந்தா குப்பைக் கடைன்னு நினைப்பாங்க லா. நீங்க பேப்பர்ல அழகா எழுதுங்க, போதும்."

மூத்த தச்சர் கடைசிக் கதவை ஏற்றிவிட்டுக் கேட்டார்: "எல்லாத்தையும் அனுப்பிட்டு எதை போஸ் மறுபடி யூஸ் பண்றது? என்னையா?"

புதன்கிழமை மறுசுழற்சிக்கென்று நான்கு நிறங்களில் குப்பைத் தொட்டிகள் வந்தன. அழுக்காகிவிடும் என்பதால் அவற்றின் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கக் கூடாது.

வியாழக்கிழமை, பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அதிகாரி வந்துவிட்டார். இளம்பெண், நம்மவர். வெறும் தரையைப் பார்த்தார்.

"அங்கிள், பழைய பொருளெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

முதலாளி கடிதத்தைப் படித்தவர்தான். ஆனால் இருபது வருடம் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"பழசா? நம்ம கிட்ட ஒன்னுகூட கிடையாதும்மா! எல்லாம் புதுசு!"

அந்தப் பெண் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டார். நான் நீட்டிய பதினோரு பக்க அறிக்கையை மரியாதைக்காக வாங்கிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை பதில் வந்தது. வேலை காஜாங்கில் உள்ள வேறொரு குத்தகையாளருக்குப் போயிருந்தது. அந்த வெள்ளிக்கிழமையே மூத்த தச்சர் கருவிப் பெட்டியோடு வந்து நின்றார்.

"காஜாங்காரர் கூப்பிட்டாரு, போஸ். பழைய மரத்துல வேலை தெரிஞ்ச ஆளு வேணுமாம். மூணு பேரையும் எடுத்துக்கிறாராம்."

முதலாளி கருவிப் பெட்டியைப் பார்த்தார்.

"சம்பளம் ஒழுங்கா கொடுப்பானா?"

"கொடுப்பாருன்னு சொல்றாங்க."

"மோட்டார் சைக்கிள்ல இதைத் தூக்கிட்டுப் போக முடியாதுண்ணே" என்று சொல்லிப் பெட்டியை லோரியில் ஏற்றினார் முதலாளி. காஜாங் வரை அவரே ஓட்டிப் போனார்.