கருத்து நோட்டில் ஒரு ழகரம்

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கிளை நூலகம். அங்கே நான்தான் எல்லாம்; பூட்டைத் திறப்பதும் நான், பெருக்குவதும் நான். வாசகர் கருத்து நோட்டு ஒன்று மேசைமேல் கிடக்கும். சாயங்காலம் அதைப் படித்து முடிப்பதற்குள் உயிர் போய்விடும். ஃபேன் ஓடலை, பேப்பர் லேட்டு, சினிமா பக்கத்தைக் கிழிச்சவன் கை விளங்காது. அதற்குக் கீழே ஒருத்தர் பதில், அந்தப் பதிலுக்கு ஒரு பதில். சே, பேஜார் பிடித்த வேலை.

ஒரு தடவை கரையான் அரித்த புத்தகங்களை, மேலிடத்து உத்தரவுப்படி, பின்பக்கம் போட்டுக் கொளுத்தினேன். நல்ல புத்தகத்தையெல்லாம் எரித்துவிட்டேன் என்று டீக்கடையில் பேச்சு. மறுநாளே நோட்டில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: "நல்ல நூல்களை அழித்து வரும் அம்மாவுக்கு நன்றி." எழுதியவர் ஏரிக்கரையோரம் நெல் வைக்கிற ஒரு பெரியவர். ஐம்பது வயதுக்கு மேல் முதியோர் கல்வியில் எழுத்துப் படித்தவர். எழுத வந்ததில் அவருக்கு அத்தனை பெருமை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். சிவப்பு மையில் கீழேயே எழுதினேன்: "நக்கல் செய்யத்தான் எழுதக் கற்றீர்களா?"

இரண்டு நாள் கழித்து வந்தார். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, என் பதிலைப் படித்தார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நன்றின்னுதானம்மா எய்தனேன். அதுல இன்னா தப்புக் கீது?"

அப்போதுதான் உறைத்தது. மனுஷன் எழுத வந்தது 'அளித்து'. எங்கள் பக்கத்தில் ழகரம் யார் வாயில் வருகிறது? எழுத்திலாவது சுத்தமாக இருக்கட்டும் என்று வேண்டாத இடத்திலும் போட்டுவிட்டார். கடைசியில் இருந்த நன்றியை நான் நம்பியிருந்தாலே போதும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். என் பதிலை அடித்தேன். அதோடு விட்டேனா? நல்லது செய்கிற நினைப்பில் அவருடைய 'ழி'யையும் 'ளி'யாகத் திருத்தி வைத்தேன். கையில் இருந்தது அதே சிவப்புப் பேனா. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த தடவை வந்தபோது நோட்டைப் புரட்டித் தன் வரியைப் பார்த்தார். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். கையெழுத்துப் போட ரிஜிஸ்தரைத் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"வாணாம்மா, தப்பாப் பூடும்" என்று, முத்திரை குத்துகிற மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தினார்.