கம்பவுண்டரின் மடக்கு சைக்கிள்

எண்பதுகளில் நான் வாத்தியாராக இருந்தபோது என்னோடு பஸ்ஸில் வந்தவர், கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஒல்லியான ஆள். பெங்களூரிலிருந்து ஒரு மடக்கு சைக்கிள் வாங்கி வந்திருந்தார். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அதை இரண்டாக மடித்து, கைக்குட்டையால் துடைத்து, ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறுவார். அதியமான்கோட்டையில் இறங்கியதும் விரித்துப் போட்டுப் பறந்துவிடுவார். நான் இரண்டு மைல் நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்வேன்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த வண்டியின் அழகே கனமில்லாததுதான். அதைக் கெடுக்கப் பார்த்தேன்.

"டைனமோ இல்லாம என்னங்க வண்டி?" என்றேன். மறுவாரமே மாட்டிவிட்டார். பிறகு மட்கார்டு, ஸ்டாண்டு. கடைசியாகக் கனத்த இரும்புக் கேரியர். ஒன்றுக்கும் அவர் மறுபேச்சு பேசவில்லை.

ஒருநாள் அவரால் அதைத் தூக்க முடியவில்லை. "மேல போடுங்க" என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அதியமான்கோட்டையில் வண்டியை இறக்கி விரித்தவர் என்னைக் கூப்பிட்டார். "உக்காருங்க சார். தெனமும் நடக்கறீங்க, கேக்கவும் கூச்சப்படறீங்க. கேரியர் போடச் சொன்னப்பதான் எனக்குப் புரிஞ்சுதுங்க."

ஏறி உட்கார்ந்தேன். மேட்டில் எழுந்து நின்று மிதித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அடுத்து என்னங்க சார் மாட்டலாம்?" என்று திரும்பாமலே கேட்டார்.

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.